மேஜைக்கு அடியில் ஒருத்தி

முப்பத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. அவள் வெளியே வருவதாக இல்லை.

கோரிக்கை என்ன என்றும் சொல்லவில்லை.

மற்ற பிள்ளைகளை முற்றத்துக்கு அனுப்பியாகிவிட்டது. வகுப்பறையில் மேஜையைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள். மழலையர் பள்ளியின் தாளாளர், அவருடைய மச்சினி, வேன் டிரைவர், காலையில் வேலை கேட்டு வந்த ஒரு பெண். மேஜை விரிப்பு கிட்டத்தட்ட தரையைத் தொட்டது. அதற்குக் கீழே தெரிந்தவை இரண்டு கறுப்பு ஷூக்கள் மட்டும்.

ஷூவின் சொந்தக்காரிக்கு வயது மூன்றேகால்.

தாளாளரின் சட்டைப் பையில் டி.சி. தயார். காரணம் என்ற இடத்தில் 'அடங்காமை' என்று தன் கைப்பட எழுதியிருந்தார். தையல் கம்பெனியில் இருந்து அம்மாக்காரியை வரச் சொல்லி போன் போய்விட்டது. ஏற்கெனவே ஒரு பள்ளி கைகழுவிய குழந்தை. இங்கேயும் வேண்டாம் என்றால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு பள்ளி கிடையாது. அம்மா வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"கடைசியா கேக்கறேன். வர்றியா, இல்லையா?"

தாளாளரின் குரலுக்கு ஜன்னல் கம்பி அதிர்ந்தது. விரிப்பு அசையவில்லை.

"பாத்தீங்களா மாமா? கேட்டா ஒரு வார்த்தை பதில் வராது. அத்தனையும் திமிரு. கத்திக் கத்தி என் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு" என்றாள் மச்சினி.

அவள்தான் அந்த வகுப்பு மிஸ். போன வருடம் வரை தாளாளரின் டைல்ஸ் கடையில் மாதிரி எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தவள். 'குழந்தையப் பாத்துக்க எதுக்குப் படிப்பு? ரெண்டு பெத்தவதானே?' என்று தாளாளர் ஒரே மூச்சில் அவளை ஆசிரியை ஆக்கிவிட்டார்.

டைல்ஸ் ஒட்டுவதற்கு மட்டும் தொழில் தெரியாத ஆளை அவர் கிட்டேயே சேர்த்ததில்லை. மட்டம் போய்விடுமாம்.

மீட்பு நடவடிக்கைகள் ஒவ்வொன்றாக ஊத்திக்கொண்டன. சாக்லேட் நீட்டினார்கள். செல்போனில் பாட்டுப் போட்டார்கள். போலீஸ் மாமா வருகிறார் என்றார்கள். டிரைவரே வெளியே போய் தொம் தொம்மென்று நடந்து காட்டினார். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் அவரே விரிப்புக்குள் கையை விட்டு, ஒரு காலைப் பிடித்து இழுத்தார்.

குழந்தையோடு மேஜையும் சேர்ந்து நகர்ந்து வந்தது.

"யப்பா, என்னா பிடி! இது புள்ளையா உடும்பா சார்?"

டிரைவர் காலை விட்டுவிட்டார். தாளாளர் டி.சி.யை எடுத்து, 'அடங்காமை'க்கு முன்னால் 'மிகுந்த' என்று சேர்த்தார்.

வேலை கேட்டு வந்தவள் அப்போதுதான் கையிலிருந்த பைலைக் கீழே வைத்தாள். முன்பருவக் கல்வியில் இரண்டு வருடப் பயிற்சி முடித்தவள். இன்டர்வியூவில் அந்தச் சான்றிதழைப் பார்த்த தாளாளர், 'ரெண்டு வருஷமும் மூக்குத் துடைக்கவா கத்துக் குடுத்தாங்க?' என்று விழுந்து விழுந்து சிரித்தார். சொல்லி அனுப்புகிறோம் என்றும் சொல்லிவிட்டார். அவள்தான் இன்னும் போகவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். யாரும் பேசாதீங்க."

சொல்லிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்தாள். இன்டர்வியூவுக்காகத் தேய்த்துப் போட்டு வந்த உடை. கன்னம் தரையில் பட, விரிப்பை இரண்டு விரலால் தூக்கினாள்.

"இதுக்கா ரெண்டு வருஷம்? குப்புறப் படுக்கவா?"

மச்சினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். படுத்திருந்தவள் திரும்பவில்லை.

"சோப்புத் தண்ணி கொண்டு வாங்க. சீக்கிரம்."

டிரைவர் ஓடினார். சோப்பு எதற்கு? உள்ளே என்ன, துணியா ஊறுகிறது? தாளாளருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொந்தியைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டார். பள்ளி ஆரம்பித்த நாலு வருடத்தில் இதுதான் முதல் தடவை. தலையை உள்ளே நீட்டினார்.

தரையில் ஒரு கலர் பென்சில் உருண்டு கிடந்தது. அதை எடுக்கத்தான் அவள் உள்ளே போயிருக்க வேண்டும்.

மேஜையின் குறுக்குக் குழாயின் முனையில் ரப்பர் மூடி இல்லை. அந்த ஓட்டைக்குள் குழந்தையின் இடது கை நடுவிரல் பாதிக்கு மேல் இறங்கி, வெளியே தெரிந்த மிச்சம் வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

இழுத்தபோது மேஜை ஏன் கூட வந்தது என்று தாளாளருக்குப் புரிந்தது. முகமெல்லாம் நனைந்திருந்தது அந்தப் பிள்ளைக்கு. அப்படியும் ஏன் ஒரு சத்தம் போடவில்லை?

வலது கையைப் பார்த்தார்.

ஆள்காட்டி விரல் உதட்டின் மேல் நட்ட குச்சியாக நின்றது. காலையில் மிஸ் முப்பது பேருக்கும் சேர்த்துப் போட்ட உத்தரவு. எடுக்கலாம் என்று இவளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

தாளாளரின் கை சட்டைப் பைக்குள் போய் அந்தக் காகிதத்தைக் கசக்கியது.

சோப்புத் தண்ணீர் வந்தது. வேலை கேட்டு வந்தவள் அவசரப்படவில்லை. திருகித் திருகி, வாயால் ஊதி ஊதி, விரலை வெளியே எடுத்தாள். குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"முடிஞ்சுதுடா தங்கம். இனிமே பேசலாம்."

குழந்தை அவளை நம்பவில்லை. உதட்டின் மேல் விரலை வைத்தபடியே நிமிர்ந்து மச்சினியைப் பார்த்தது.

"மிஸ், இப்ப அழலாமா?"