மடக்கு ஸ்பூன்

"நம்ம வூட்டுத் தட்டுல கை வெச்சா அவனுக்குத் தீட்டு ஒட்டிக்குமா?"

சமையற்கட்டில் நின்று பல்லைக் கடித்தார் நாகையா.

"மெள்ளப் பேசுய்யா. பொண்ணு பாக்க வந்தவங்க காதுல வுழப் போவுது" என்றாள் அவர் மனைவி பொன்னியம்மா.

கூடத்தில் மாப்பிள்ளைப் பையன் ரமணா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். திருப்பதிப் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். தரகர் வெங்கடசாமி அவர்கள் ஊரான குடுபல்லிக்கு அழைத்து வந்த வரன். வந்ததிலிருந்து பணிவாகத்தான் இருந்தான். தட்டில் களியும் கோழிக்குழம்பும் வைத்ததும் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தான். பேனாக்கத்தி போல மடங்கிக் கிடந்தது. ஒரு பக்கம் பிரித்தால் ஸ்பூன், மறுபக்கம் முள்கரண்டி, நடுவில் குட்டிக் கத்தி. களியை ஸ்பூனால் வெட்டி வெட்டி வாயில் போட்டுக்கொண்டான். கை தட்டைத் தொடவே இல்லை.

கதவோரம் நின்ற மகள் சிவசங்கரி குனிந்த தலை நிமிரவில்லை.

நாகையா சின்னப் பையனாக இருந்தபோது டீக்கடையில் அவருக்கும் அவர் நைனாவுக்கும் தனி கிளாஸ். குடித்துவிட்டு அவர்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். இன்று சொந்த நிலம், சொந்த வீடு. அந்த வீட்டுக்குள் வந்து, சொந்த சனத்துப் பையனே இப்படிச் செய்தால்?

சாயங்காலமே தரகருக்கு போன் போட்டார். "இந்த எடம் வாணாம்."

"நாகையண்ணா, பையன் தங்கம். ஒரு ஸ்பூனுக்காவா வாணாங்கற?"

"உனக்கு அது ஸ்பூனு. எனக்கு மானம்."

போனை வைத்ததும் சிவசங்கரி வந்து நின்றாள். "ஏன்னு ஒரு வார்த்த அவரக் கேட்டிருக்கலாமே நைனா."

"கேட்டு வேற அசிங்கப்படணுமா?" என்று கத்தினார். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமலே உள்ளே போய்விட்டாள். மறுநாள் லீவு முடிந்து திருப்பதி ஹாஸ்டலுக்குக் கிளம்பினாள்.

பிறகு வந்த வரன்களை எல்லாம் அவள் வேண்டாம் என்றாள்.

தை பிறந்த பிறகு, குப்பம் சந்தையில் வெங்கடசாமி எதிரே வந்தார்.

"ரமணாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சிண்ணா. அவங்க அம்மா ஒத்தக் கால்ல நின்னு, வெதுருகுப்பத்துல முடிச்சிட்டாங்க. மாமனார் வூட்டுல தரையில உக்காந்து, குழம்பப் பெசஞ்சு, கைய நக்கிக்கினு துன்றான். அவனப் போய் நீ கர்வம் புடிச்சவன்னுட்டியே!"

நாகையாவுக்குச் சுருக்கென்றது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு வீடு வந்துசேரும்வரை அந்தப் பையனின் முகமே கண்முன் நின்றது.

சிவசங்கரி லீவில் வந்திருந்தாள். அவள் எதிரே போய் உட்கார்ந்தார்.

"தப்பு பண்ணிட்டேம்மா. கெளம்பும்போது அந்தப் பையன் கும்பிட்டான். நான் மூஞ்சத் திருப்பிக்கினேன். நீ சொன்ன மாதிரி ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா விரலக் காட்டியிருப்பாரு நைனா. கம்பெனியில தகடு கிழிச்சு, அப்பதான் தையல் பிரிச்சிருந்தாங்க. குழம்பு பட்டா உயிர் போவும்."

நாகையா திகைத்தார். "உனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"இதக் கேப்பியேன்னுதான் அன்னிக்கு வாயத் தெறக்கல." அவள் அழவில்லை, அவரையே பார்த்தாள். "லவ்வுன்னா நீ ஒத்துக்க மாட்டியேன்னு பயந்து, அந்த ஸ்பூன வாங்கிக் குடுத்து, தரகரையும் புடிச்சு, நம்ம வூட்டுக்கு அவர அனுப்பி வெச்சதே நான்தான் நைனா."