கழுதை வளைவில் மஞ்சள் குடை

இலெனியா மறுபடியும் கழுதை வளைவில் வேகத்தைக் குறைத்துவிட்டாள்.

ஒலிபெருக்கியில் அவள் நேரத்தைக் கேட்டதும் எங்கள் கல்சுவரில் உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் உச்சுக் கொட்டியது. கதானியாக்காரன் கொராதோ ஒரு இமைப்பொழுது முன்னால் இருந்தான்.

இந்த வருஷத்தின் கடைசி மலைக் கார் பந்தயம் இது; ஒவ்வொரு காராக மேலே ஏறும், நேரம்தான் கணக்கு. மதியம் இன்னொரு ஓட்டம் உண்டு. அதில் அவனை முந்தினால் பட்டம் அவளுக்கு. வடக்கே ஒரு பெரிய அணி அடுத்த வருஷத்துக்குக் கார் தருவதாகச் சொல்லியிருக்கிறது. முந்தாவிட்டால் இருக்கும் நீலக் காரையும் விற்க வேண்டியதுதான்.

"கீழேருந்து வர்ற வரைக்கும் புலி. இந்த வளைவு வந்தா பூனை," என்றான் டயர்க் கடை சாரோ. "ஆல்ப்ஸ்ல இந்த மாதிரி நூறு வளைவு இருக்கும். அங்கயும் இப்படித்தான் நின்னு நின்னு போவாளா?"

"போடா. கொராதோ கார்ல ஒரு கழுதைய உக்கார வெச்சாலும் அது பாட்டுக்கு மேல போயிடும். இவ ஓட்டறதுதான் ஓட்டம்," என்றான் பள்ளி வேன் ஓட்டும் மிம்மோ. அவன் கழுத்தில் எப்போதும் ஒரு நிறுத்துக் கடிகாரம் தொங்கும்.

"நீங்க சொல்லுங்கக்கா," என்று சாரோ என் பக்கம் திரும்பினான். "இங்க வந்தா மட்டும் ஏன் அவளுக்குக் கால் நடுங்குது?"

நான் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். அக்டோபரிலும் எங்கள் சிசிலி வெயில் மண்டையைப் பிளக்கும். ஒவ்வொரு வருஷமும் இதே சுவர், இதே மஞ்சள் குடை. கீழே பாலத்திலிருந்து பார்த்தாலே தெரிகிறது, கப்பலுக்கு விளக்குக் காட்டுகிறீர்களா என்று சாரோ கேலி செய்வான்.

உண்மையைச் சொன்னால், அவள் இங்கே வேகத்தைக் குறைப்பது எனக்குப் பிடித்திருந்தது. மற்றவர்கள் உச்சுக் கொட்டும்போதுதான் நான் மூச்சு விடுவேன். வளைவுக்கு அந்தப் பக்கம் வெறும் பள்ளம். அடியில் ஆற்றுப் பாறைகள்.

"பயம்னா நேத்தும் பயந்திருக்கணுமே?" என்றான் மிம்மோ. "நேத்து பயிற்சி ஓட்டத்துல இங்க ஆக்ஸிலேட்டர்லேருந்து காலையே எடுக்கல. போன வருஷமும் அப்படித்தான். சனிக்கிழமை பறக்கறா, ஞாயித்துக்கிழமை நடக்கறா."

"ஞாயித்துக்கிழமை கூட்டம்டா. கூட்டத்தப் பாத்தா கை உதறும்."

"என்ன பெரிய கூட்டம்? நேத்தும் இங்க இதே மூஞ்சிங்கதான். அக்கா மட்டும்தான் இல்ல."

சனிக்கிழமைகளில் ரொட்டிக்கடையில் எனக்கு விடுப்புக் கிடையாது.

மிம்மோ அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டுச் சப்பாத்திக்கள்ளிப் பழம் உரிக்கப் போய்விட்டான். நான் தலைக்குமேல் விரிந்திருந்த மஞ்சள் குடையை நிமிர்ந்து பார்த்தேன்; நேற்று இது இங்கே இல்லை.

மதியம் முதலில் கொராதோ போனான். குறை சொல்ல முடியாத ஓட்டம். சுவர் முழுக்க முகம் தொங்கிவிட்டது.

பிறகு கீழே, ஆலிவ் மரங்களுக்கு அப்பால், அவள் எஞ்சின் சத்தம் கிளம்பியது.

குடையை மடித்தேன். சுவரிலிருந்து இறங்கி, அதன் பின்னால் தரையில் உட்கார்ந்து கல்லில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன்.

"என்னக்கா, இப்பப் போயி இறங்கறீங்க!" என்று சாரோ கத்தினான்.

சத்தம் பாலத்தைத் தாண்டியது. நெருங்கியது. இனி அது தணிய வேண்டும். ஒவ்வொரு வருஷமும் இந்த இடத்தில் தணியும்.

தணியவில்லை.

முதுகுக்குப் பின்னால் கல் அதிர்ந்தது. தலையில் மண் உதிர்ந்தது. பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுவரின்மேல் அத்தனை பேர் இருந்தும் ஒருவர் வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை. போய்விட்டாள், பள்ளத்துக்குள் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

வெகு உயரத்தில் அந்த எஞ்சின் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

பூசை நடக்கும்போதுகூட வாயை மூடாத சாரோ, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றான். "மாதாவே," என்றான் மெதுவாக. மிம்மோ கடிகாரத்தை அழுத்தவே மறந்திருந்தான். பின்சக்கரம் பாதி அந்தரத்தில் நின்றதாம். விளிம்பிலிருந்த கூழாங்கல் பள்ளத்தில் விழுந்ததாம், சக்கரம் விழவில்லையாம். ஆளாளுக்கு என் தோளைப் பிடித்து உலுக்கிச் சொன்னார்கள். இப்படி ஒன்றை இந்த மலை பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு சாரோ அழுதேவிட்டான். பட்டம் யாருக்கு என்று ஒலிபெருக்கி சொன்னது அந்த இரைச்சலில் பாதிதான் கேட்டது.

அந்தச் சுவரில் அதைப் பார்க்காதவள் ஒருத்திதான். அவளைப் பெற்ற நான்.

பந்தயம் முடிந்தால் கார்கள் வரிசையாக, நடை வேகத்தில் கீழே இறங்கும். ஓட்டியவர்கள் கையை வெளியே நீட்டுவார்கள், சனம் தொட்டுக்கொள்ளும். நீலக் காரிலிருந்து கை நீளவில்லை. கழுதை வளைவில் அது நின்றேவிட்டது.

என் மகள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். பட்டம் வென்றவளின் முகமாக அது இல்லை. வெளிறிப்போயிருந்தது. சுவர் நெடுகக் கண்ணால் தேடி, என்னைக் கண்டதும் அப்படியே ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"அம்மா, குடை எங்க? பாலத்துலேருந்து பாத்தேன், காணோம். உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன். எப்படா மேல போய் ஃபோன் பண்ணுவோம்னு மிதிச்சேன்..."

 

பின்னால் கார்கள் காத்து நின்றன. நான் குடையை விரித்துக் காட்டினேன்.