மீன் வாய் கார்

மகன் காரை விட்டு இன்னும் இறங்கக்கூட இல்லை. அதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"என்னடா இது, முன்பக்கம் பூரா வாயைப் பிளந்த மீன் மாதிரி இருக்கு?"

தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி இறங்கிய மருமகளுக்குச் சுருக்கென்றது. இத்தனை தூரம் ஓட்டிக்கொண்டு வந்ததே இதைக் காட்டத்தான்.

அப்பா வருஷக்கணக்காக ஓட்டிய அதே கார். பேர் அதேதான், உருவம்தான் புதுசு. ஓட்டி ஓட்டி அலுத்துவிட்டது என்று போன வருஷம் அவர் பழசைத் திடீரென விற்றபோது, மகனுக்குச் சோறு இறங்கவில்லை. புது மாடல் வருகிறது என்று கேள்விப்பட்ட அன்றே முடிவு செய்துவிட்டான். அப்பா ஓட்ட வேண்டும், சின்ன வயதில் உட்கார்ந்த மாதிரி தான் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும். வழியெல்லாம் இதே பேச்சுதான்.

வாடகையைக் குறைக்கப் பார்க்கிறவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்ப்பது போல அம்மா காரைச் சுற்றி வந்தாள். போதும் அடங்கு என்பது போல அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அப்பாவும் கூடவே வந்தார்.

"ஹெட்லைட் ஏன்டா இப்படி? பழைய வண்டிக்கு உருண்டையா, முழிச்சுப் பார்க்கிற மாதிரி இருக்கும். இது கோடு கிழிச்ச மாதிரி இருக்கு. தூங்கி வழியுது."

"உனக்கு ரசனை கிடையாது" என்றார் அப்பா. "அந்த மெல்லிசுதான் அழகே. முகத்துக்கு ஒரு களை."

"களையாம். கைப்பிடியைப் பாருங்க, கதவோட கதவா அமுங்கிக் கிடக்கு. ஒரு ஓரத்துல அமுக்கினாத்தான் வெளிய நீட்டுது."

அப்பா கதவைத் தடவி அமுக்கினார். கைப்பிடி நீண்டது. "எவ்வளவு வழுவழுன்னு இருக்கு" என்று சிரித்தார்.

பின்பக்கம் போனதும் அம்மாவுக்கு இன்னும் வசதியாகிவிட்டது. கூரை சரிந்துகொண்டே வந்து டிக்கியோடு ஒட்டிக்கொண்டதாம். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே நீளச் சிவப்பு விளக்கு, திறப்பு விழாவுக்குக் கட்டிய ரிப்பனை அவிழ்க்க மறந்துபோன மாதிரி இருக்கிறதாம். அவள் சொன்ன ஒவ்வொரு குறைக்கும் அப்பாவிடம் ஒரு பாராட்டு இருந்தது. எதிர்வீட்டுக்காரர் கேட்டுக்கு மேல் தலையை நீட்டி, ஒரு விஷயத்திலாவது நீங்கள் ரெண்டு பேரும் ஒத்துப்போனதுண்டா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மகன் சாவியை அப்பாவின் கையில் வைத்தான்.

"நீங்க ஓட்டுங்கப்பா. நான் பக்கத்துல உட்கார்றேன்."

அப்பா சாவியை உள்ளங்கையில் உருட்டினார்.

"இந்த மீன் வாய்க்குள்ள நான் ஏற மாட்டேன்" என்றாள் அம்மா. "நான் ஏறாத வண்டியை அவரும் ஓட்டக் கூடாது."

"கேட்டியாடா?" அப்பா சாவியைத் திருப்பி நீட்டினார். "இவளை மீறி ஓட்டிட்டு, அப்புறம் சாப்பாட்டுக்கு நான் எங்கே போறது?"

மகன் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைக்க ஆரம்பித்தான்.

மருமகளுக்குப் பொறுக்கவில்லை. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. அதற்காக ஆசையாய் வந்த பிள்ளையின் வாயை இப்படியா அடைப்பது? உள்ளே போன மாமியாரிடம் இன்றைக்கு நறுக்கென்று கேட்டுவிட வேண்டியதுதான். குழந்தையைக் கட்டிலில் கிடத்திவிட்டு நிமிர்ந்தபோது சமையலறையில் மாமனாரின் குரல். அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"எல்லாத்தையும் திட்டின. கலரை மட்டும் திட்டவே இல்லையே. என்ன கலர்?"

"கருநீலம்" என்றாள் மாமியார். "வெயில் படுற இடத்துல மட்டும் லேசாப் பச்சை தட்டுது. ரொம்ப அழகா இருக்குங்க."

அவர் சுவரைத் தொட்டுக்கொண்டே வாசலுக்குப் போனார். திரும்பிய மாமியார் மருமகளைப் பார்த்துவிட்டாள்.

"கண்ணு ரெண்டும் சுத்தமா மங்கிடுச்சும்மா. இனிமே பார்வை திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதான் பழசை வித்தது" என்றாள். "நீங்க கிளம்பறதுக்குள்ள அவரே சொல்றேன்னிருக்கார். வந்ததும் வராததுமா அவன் அழ வேண்டாம். என் மேல கோபம்தானே, அது சாயங்காலம் போயிடும்."

வாசலில் மகன், ஓட்டாவிட்டால் போகிறது, உட்கார்ந்தாவது பாருங்கள் என்று அப்பாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்திருந்தான்.

"உள்ளே எப்படிப்பா இருக்கு?"

அப்பாவின் கை ஸ்டீயரிங்கை விட்டு நகரவில்லை. அம்மா காருக்குள் எட்டிப் பார்த்து ஒன்றையும் திட்டியிருக்கவில்லையே.

மருமகள் ஓடிப்போய் அடுத்த பக்கக் கதவைத் திறந்தாள்.

"அதை ஏன் கேக்கறீங்க மாமா, அத்தை சொன்னது சரிதான். நட்ட நடுவுல டி.வி. மாதிரி ஒரு ஸ்கிரீன், உங்க இடது கைக்கு இடிக்கிற மாதிரி. திருகறதுக்கு ஒரு பட்டன்கூட இல்ல. சீட்டு எல்லாம் பால் வெள்ளை. குழந்தை இருக்கிற வீட்டுக்கு யாராவது இப்படி வாங்குவாங்களா?"

மகன் அவளை முறைத்தான். வெள்ளை சீட்டுதான் வேண்டும் என்று கடையில் அடம்பிடித்து வாங்கியவளே அவள்தான்.

அப்பாவின் இடது கை மெல்ல நகர்ந்து, ஸ்கிரீனின் ஓரத்தைத் தொட்டு, சீட்டை ஒருமுறை தடவியது.

"இந்த வீட்டுப் பொம்பளைங்க யாருக்குமே ரசனை கிடையாதுடா" என்றார்.