மூலத்தின்படி உண்மை

“இதுக்கு என்னால முத்திரை போட முடியாது.” ஸ்டெஃபானியா காகிதத்தை மேசையின் மறுபக்கம் தள்ளிவிட்டாள்.

உக்ரைனின் தெர்னோபில் நகரில் விசாவுக்கு அலைகிறவர்கள் பெரும்பாலும் அவளிடம்தான் வருவார்கள். அவள் மொழிபெயர்த்து முத்திரை குத்தினால் எந்தத் தூதரகமும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும்.

எதிரே நின்ற ஸ்லாட்டா காகிதத்தைத் திரும்ப நகர்த்தினாள். போர்முனையில் காணாமல் போன அவள் கணவன் நஸார் இறந்துவிட்டதாக நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல, அதை வைத்து வாங்கிய மரணச் சான்றிதழ் அது.

“குழந்தையைக் கனடாவுக்குக் கூட்டிட்டுப் போகணும்னா அப்பாவோட சம்மதம் வேணும், இல்லேன்னா இது வேணும்னு சொல்றாங்கம்மா. சம்மதத்துக்கு நான் எங்க போவேன்?”

“உடம்பு கிடைக்கலையே. அப்புறம் எப்படிச் செத்துட்டான்னு முடிவு பண்ணினாங்க?”

“கூட இருந்தவர் கோர்ட்டுல வந்து சொன்னாரும்மா. குண்டு விழுந்த இடத்துல எதுவுமே மிஞ்சலையாம்.”

வரிசையில் நின்ற தடித்த ஆள் பொறுமை இழந்தான். “நீங்க மொழிபெயர்ப்பாளரா, ஜட்ஜா? கரண்ட் போறதுக்குள்ள குத்திக் குடுங்கம்மா. இல்ல, மேல ஏதாச்சும் எதிர்பாக்கறீங்களா?”

“நீங்க சும்மா இருங்க!” என்று அவனிடம் சீறினாள் ஸ்லாட்டா.

ஸ்டெஃபானியா அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. “வேற யார்கிட்டயாவது போயேன்.”

“போகலாம். மனசு வரலைம்மா.”

“கைதிகள் பட்டியல்ல பேரே இல்லாம எத்தனை பேர் திரும்பி வந்திருக்காங்க தெரியுமா?”

“நான் தேடாத இடமில்லை. போன வாரம் பக்கத்துத் தெருவுல குண்டு விழுந்ததுல இருந்து பொண்ணு வாயே திறக்கறதில்லை. அவளையாவது நான் காப்பாத்த வேண்டாமா?”

ஸ்டெஃபானியா கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நஸாரின் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் எல்லாவற்றையும் காகிதத்தைப் பார்க்காமலே அடித்தாள். ‘இறந்த தேதி’ என்ற இடத்தில் மட்டும் விரல்கள் வெகுநேரம் நின்றன.

அச்செடுத்து, ‘இம்மொழிபெயர்ப்பு மூலத்தின்படி உண்மை’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்திட்டாள். முத்திரை கோணலாக விழுந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொரு தாளில் நேராகக் குத்தினாள்.

ஸ்லாட்டா வாங்கிப் பைக்குள் வைத்தாள். ஆனால் கிளம்பவில்லை.

“நீங்களும் எங்ககூட வந்துடுங்கம்மா. இங்க தனியா இருந்து என்ன பண்ணப் போறீங்க?”

தடித்த ஆள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஸ்டெஃபானியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“நானும் வந்துட்டா, என் பிள்ளை வந்து தட்டும்போது கதவை யாருடி திறப்பா?”