கோடு கரைந்த நாள்

பள்ளிக்கூடத்து டென்னிஸ் மைதானத்தில் ஒரு மஞ்சள் பந்துக்கும் ஒரு சுண்ணாம்புக் கோட்டுக்கும் ஆகவே ஆகாது. "என்னைத் தாண்டி விழுந்தா நீ செல்லாக்காசு" என்று கோடு மிரட்டும். "நான் இல்லாட்டி இந்தப் பிள்ளைங்க ஒருத்தரும் அடங்க மாட்டாங்க" என்று பீற்றிக்கொள்ளும்.

ஒரு மத்தியானம் மழை கொட்டியது. கோடு கரைந்து, பால்போல ஓடி, புல்லுக்குள் போய்விட்டது. பந்துக்குக் குஷி தாங்கவில்லை.

வெயில் வந்ததும் பெனிட்டாவும் மகிழினியும் ஆட வந்தார்கள். அணியில் ஒரே ஒரு இடம்தான் மிச்சம், ஜெயிப்பவளுக்கு அது. கோச் சார் சுண்ணாம்பு வாங்கக் கிளம்பும்போது, முதல் நாள் சொன்னதையே மறுபடி சொன்னார்: "யார் பக்கம் பந்து விழுதோ அவங்கதான் சொல்லணும். சந்தேகம்னா புள்ளி எதிராளிக்கு."

ஆட்டம் சமமாகவே போய், கடைசிப் புள்ளிக்கு வந்து நின்றது. மகிழினி அடித்த பந்து மேலே மேலே போனது. மேகத்தின் ஈரம், தூரத்து வேப்பமரம், கீழே கைக்குட்டையாய்ச் சுருங்கிய மைதானம். 'இனி எங்கே வேணும்னாலும் விழலாம்' என்று சொக்கிப்போய், பெனிட்டாவுக்குப் பின்னால் மெத்தென்று இறங்கியது.

பெனிட்டா குனிந்து ஈரமண்ணில் இருந்த தடத்தைப் பார்த்தாள். அவள் வெளியே என்றால் வெளியேதான், கேட்க ஆளில்லை. 'வெளியே' என்று காட்ட விரல் பாதி உயர்ந்தது. பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு, "உள்ளேதான்டி விழுந்துச்சு. நீ ஜெயிச்சிட்டே" என்றாள்.

பந்து திடுக்கிட்டுத் தன்னைப் பார்த்துக்கொண்டது. மஞ்சள் ரோமத்தின் ஓரத்தில், வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.