கடைசிப் பந்தி

அன்று பருத்திப்பட்டுக் கல்யாண மண்டபத்தில் இருந்தவர்கள்: கங்காதரன், அவர் மனைவி வடிவு, சோறாக்கிய ஜமீலா, அடுக்குமாடியில் குடியிருக்கும் ஐ.டி. ராகேஷ், இன்னும் ஏரித் தண்ணீர் ஊருக்குள் புகுந்து விரட்டியடித்த நூறு பேர்.

எல்லாரும் ஈரத்தோடு இருந்தார்கள். கங்காதரன் மட்டும் மடிப்புக் கலையாத புது வேட்டியில், பந்தி நடுவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.

"ஜமீலா, அந்த இலைக்கு சாம்பார் ஊத்தும்மா."

ராகேஷ் மறுசோறு கேட்டான். கங்காதரனுக்கு வாய் கோணியது.

"மாடி மேல மாடி கட்டிக்கினு வந்தானுங்க. இப்போ ஓசிச் சோத்துக்குக் குந்திகினு கீறானுங்க, மானங்கெட்டவனுங்க," என்றார் வடிவிடம்.

"நீயும் வந்து குந்துய்யா."

"நானா? நம்ம குடும்பம் ஊருக்கே பந்தி போட்ட குடும்பம்டி. போடறவன் கடைசியிலதான் துன்னணும்."

ராகேஷ் கை கழுவிவிட்டு வந்து கும்பிட்டான். "உங்க புண்ணியத்துல வயிறார சாப்பிட்டோம் சார்."

கங்காதரன் தலையை மட்டும் அசைத்தார்.

கடைசிப் பந்தி எழுந்தபோது அண்டா காலி. "தீந்துபோச்சே நைனா! நீ இன்னும் துன்னலையே?" என்று பதறினாள் ஜமீலா.

"நமக்கு ஊட்ல கீது."

"எந்த ஊட்ல?" என்று வெடித்தாள் வடிவு. "நம்ம ஊடுதான் கழுத்தளவு தண்ணியில கீதே! நேத்துலேர்ந்து பட்டினிய்யா நீ!"

அன்று எல்லாருக்கும் சோறு போட்டவர் கங்காதரன்தான் என்று அடுக்குமாடிக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். அவர் போடவில்லை. அரிசி பள்ளிவாசலில் திரட்டியது. அவர் இடுப்பிலிருந்த வேட்டியும் அங்கிருந்து வந்த நிவாரண மூட்டையில் இருந்ததுதான்.