கம்பளி மறந்த வாத்தியார்கள்

நுவரெலியாவில் கடைத்தெரு எரிந்ததில் தன் கடையை இழந்த நஸார், ஒரு தகரக் கொட்டகையில் கம்பளி விற்றார். யார் உதவி செய்ய வந்தாலும் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்த வாரம் தேயிலைத் தோட்டப் பள்ளி ஆசிரியர்களின் மாநாடு அங்கே நடந்தது. வந்தவர்கள் எல்லோரும், கம்பளி கொண்டுவர மறந்துவிட்டோம் என்று சொல்லி அவரிடம் வாங்கினார்கள்.

"மஸ்கெலியாவுலயும் பூண்டுலோயாவுலயும் மலையில இருக்கிறவங்களுக்குக் குளிர் தெரியாதா? ஒருத்தர் மறக்கலாம், எல்லாருமா மறப்பாங்க?" என்று சிரித்தார் நஸார்.

"சிரிச்சது போதுங்க. மாநாட்டுத் தலைவர் மப்ளரை இங்கேயே விட்டுட்டாரு. அவர் ஊருக்குத் திரும்புற ரயில் வர்றதுக்குள்ள குடுத்துட்டு வாங்க" என்றாள் மனைவி ரஸீனா.

நஸார் பஸ் பிடித்து நானுஓயா ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே சாமான் அறை திறந்திருந்தது. ஆசிரியர்கள் ஆளுக்கொரு பழைய கம்பளியை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதெல்லாம் யாரோடது, சேர்?"

தலைவர் சண்முகராஜா தலையைக் குனிந்துகொண்டார். "எங்களோடதுதான், முதலாளி. வர்றப்பவே இங்க வச்சுட்டோம். சும்மா குடுத்தா நீங்க வாங்கமாட்டீங்களாமே."

நஸார் அவர் அருகில் போனார். மப்ளரை அவர் கழுத்தில் தானே சுற்றிவிட்டார்.

"அடுத்த மாநாட்டையும் இங்கேயே வைங்க, சேர். ஆனா அப்ப கம்பளியோட வாங்க."